சீக்கிரம் கைவிடும் பொருட்கள்: எந்தப் பாகம் போகிறது, ஏன் போகிறது

எல்.இ.டி. பல்பு பெட்டியில் 15,000 மணி நேரம், 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். நாளைக்கு 3 மணி நேரம் எரித்தால் 15,000 மணி நேரம் என்பது 13 ஆண்டுக்கு மேல் வரும். ஆனால் இரண்டு வருடம்கூடத் தாண்டாமல் மினுக்கி மினுக்கி அணைந்துபோகும் பல்புகள் எல்லா வீட்டிலும் உண்டு. பெட்டியில் போட்ட எண் பெரும்பாலும் உள்ளே இருக்கும் எல்.இ.டி. சில்லுக்கு உரியது. வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 70 விழுக்காடாகக் குறைய எவ்வளவு நேரம் ஆகும் என்பதே அந்தக் கணக்கு. சில்லுகளைச் சில ஆயிரம் மணி நேரம் எரியவிட்டு, வெளிச்சம் குறையும் போக்கைப் பார்த்து, மீதியைக் கணக்குப் போட்டு நீட்டிச் சொல்வார்கள். வீட்டு மின்சாரத்தைச் சில்லுக்கு ஏற்றபடி மாற்றித் தரும், பல்பின் கழுத்துக்குள் ஒளிந்திருக்கும் டிரைவர் போர்டுக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. பல்பு போவதோ பல நேரம் அந்தப் போர்டால்தான்.

போர்டில் முதலில் சாவது எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், அதாவது மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கித் தரும் சிறு உருளை. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றிக்கொண்டே வரும். சாதாரணமாக இதன் ஆயுளை 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிப்பார்கள். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. 95 டிகிரியில் 4,000, 85 டிகிரியில் 8,000. காற்றோட்டமில்லாத கண்ணாடிக் கூண்டுக்குள் தலைகீழாக மாட்டிய பல்பு 95 டிகிரியில் இரவு பகலாக எரிந்தால், 4,000 மணி நேரம் ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடும். அதே பல்பைத் திறந்த ஹோல்டரில் மாட்டினால் பல வருடம் ஓடும். ஒரே பல்புக்கு ஒருவர் நான்கு நட்சத்திரமும் இன்னொருவர் ஒரு நட்சத்திரமும் கொடுப்பதன் பின்னணி பல நேரம் இவ்வளவுதான். மலிவு பல்புகளில் 105 டிகிரி கெபாசிட்டருக்குப் பதில் 85 டிகிரி ரகம் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

அடுத்தது சில்லுகள். இவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோத்திருப்பதால், ஒன்று அறுந்தால் மொத்தமும் அணைந்துவிடும். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் எரிந்த சில்லின் நடுவில் கரும்புள்ளி ஒன்று தெரியும். அது தற்செயலாக எரிந்ததன்று. எட்டுச் சில்லு போட வேண்டிய இடத்தில் ஐந்தைப் போட்டு, மின்னோட்டத்தை ஏற்றி, அதே வெளிச்சத்தைக் கறந்தால் இப்படித்தான் ஆகும். எதிர்த்திசையில் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2016இல் துபாய் நகராட்சிக்காக பிலிப்ஸ் கொண்டுவந்த பல்பே சாட்சி. அதிகமான எல்.இ.டி. இழைகள், ஒவ்வொன்றிலும் குறைந்த மின்னோட்டம், 3 வாட்டில் 600 லூமென் (லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு). ஆகவே இரண்டு பல்புகள் ஒரே லூமென் தந்தால், குறைந்த வாட் உள்ளதை எடுங்கள். குறைவாகச் சூடாகும், கெபாசிட்டரும் பிழைத்துக்கொள்ளும். பழைய பல்பைத் திறந்து பழுது பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்தப் போர்டுகளில் பலவற்றுக்கு வீட்டு மின்சாரத்திலிருந்து மின்காப்புப் பிரிப்பு கிடையாது. மாட்டியிருக்கும்போது சில்லு ஒட்டியிருக்கும் அலுமினியத் தட்டையும் தொடக்கூடாது, கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கலாம்.

பயன்படுத்தியதால் தேய்ந்து போகும் பொருட்களைப் பற்றி யாருக்கும் பெரிய வருத்தம் இருக்காது. வாங்கிப் பத்திரமாக வைத்ததாலேயே கெட்டுப்போகும் பொருட்கள்தான் வயிற்றெரிச்சல். இதில் முதலிடம் பாலியூரித்தேன் என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக்கில் சோல் போட்ட ஷூவுக்கு. பெட்டியில் புத்தம்புதிதாக இருந்த ஷூவை எடுத்துப் போட்டு நாலு எட்டு வைத்தால், அடிப்பாகம் காய்ந்த மண்ணாங்கட்டி போல உதிரும். காற்றிலுள்ள ஈரம் பாலியூரித்தேனின் மூலக்கூறுச் சங்கிலியை அறுப்பதுதான் காரணம். இதற்கு ஹைட்ராலிசிஸ் என்று பெயர். ஷூ தயாரான நாளிலிருந்தே இது தொடங்கிவிடுகிறது, நீங்கள் வாங்கிய நாள் அதற்குக் கணக்கில்லை. ஈரமும் சூடும் கூடினால் வேகமும் கூடும். மூடிய பெட்டி, காற்றில்லாத அலமாரி, கார் டிக்கி ஆகிய மூன்றும் மோசமான இடங்கள்.

தள்ளுபடியில் வரும் பழைய ஸ்டாக்கில் கவனம் தேவைப்படுவது இதனால்தான். பல ஷூக்களின் நாக்குப் பகுதியில் உள்பக்கம் தைத்த சிறு லேபிளில் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும். அது மூன்று நான்கு வருடம் பழையது, நடுச்சோலும் பாலியூரித்தேன் என்றால் எந்த விலைக்கும் வேண்டாம். இ.வி.ஏ. நுரை நடுச்சோலுக்கு இந்த வியாதி கிடையாது. அது நாளடைவில் அமுங்கித் தட்டையாகும், உதிராது. வெளிச்சோல் ரப்பராக இருந்தால் இன்னும் நல்லது. எது என்று தெரியாவிட்டால், சோலின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் அப்படியே நின்றாலோ, நகத்தில் மாவு போல ஒட்டினாலோ அது போன கேஸ்.

சோல் உதிர்வதும் சோல் கழன்று வருவதும் வேறு வேறு. கழன்றதை ஒட்டலாம், உதிர்வதை ஒட்ட முடியாது. ஒட்டும்போது பலரும் செய்வது, பிசினை வழித்து உடனே அழுத்திப் பிடிப்பது. நிற்காது. பழைய பிசினை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு ஷூ பிசினை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை 10 முதல் 15 நிமிடம் காயவிட வேண்டும். ஹேர் டிரையரால் இரண்டு பக்கத்தையும் சூடாக்கி, ஒரே தடவையில் சரியாக வைத்து அழுத்தி, 24 மணி நேரம் பாரம் வைக்க வேண்டும். உடனடியாக ஒட்டும் சூப்பர் பசை காய்ந்தால் கண்ணாடி போல இறுகும். நடக்கும்போது சோல் வளைவதால் அது மறுபடி விட்டுவிடும்.

இதே ஹைட்ராலிசிஸ்தான் செயற்கைத் தோல் பைகளும் நாற்காலிகளும் செதில் செதிலாக உரிவதற்குக் காரணம். துணியின் மேல் பூசிய மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஈரத்திலும் வியர்வையிலும் விடுகிறது. தலை படும் இடமும் கை வைக்கும் இடமும் முதலில் உரியும். 'பாண்டட் லெதர்' என்று எழுதியிருந்தால் தோல் என்று நம்பி வாங்க வேண்டாம். தோல் கழிவைத் தூளாக்கிப் பசையோடு சேர்த்துத் தகடாக்கி மேலே பாலியூரித்தேன் பூசியது அது. உரிய ஆரம்பித்த பிறகு எந்த கிரீமும் எந்த ஸ்ப்ரேயும் அதை நிறுத்தாது. நாற்காலிக்கு உறை போட்டுக்கொள்வதோடு விட்டுவிடலாம்.

மின்சாதனங்களில் பிடிமானத்துக்காகப் பூசும் மெத்தென்ற ரப்பர் பூச்சும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சில வருடத்தில் பிசுபிசுவென்று ஆகி, தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். சாதனம் நன்றாக வேலை செய்யும், தொடத்தான் முடியாது. இதற்கு மட்டும் நல்ல வைத்தியம் உண்டு. 90 விழுக்காட்டுக்கு மேலான ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் பூச்சு கரைந்து வந்துவிடும், அடியில் வெறும் பிளாஸ்டிக் நிற்கும். பூச்சின் மேல் அச்சிட்ட எழுத்துகளும் கூடவே போய்விடும் என்பதால், பட்டன்களின் பெயரை முன்கூட்டியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வயர்லெஸ் இயர்பட்ஸ். கணக்குப் பார்த்தால் இதைவிட மோசமான கொள்முதல் கிடையாது என்பேன். காதில் செருகும் ஒவ்வொரு பட்டுக்குள்ளும் இருக்கும் லித்தியம் பேட்டரி பெரும்பாலும் 30 முதல் 60 எம்.ஏ.எச். தான். 300 முதல் 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு அதன் கொள்ளளவு 80 விழுக்காடாகக் குறையும். போனில் 20 விழுக்காடு குறைந்தால் மாலையில் ஒரு முறை கூடுதலாகச் சார்ஜ் போட்டுச் சமாளிக்கலாம். ஐந்து மணி நேரம் ஓடிய பட்டு நாலு மணி நேரமாகி, பிறகு ஒரு மணி நேரத்துக்கு இறங்கினால் பாதிப் பேச்சில் காது அடைத்துப்போகும். கேஸுக்குள் வைக்கும்போதெல்லாம் அது 100 விழுக்காட்டில் நிற்பதும் கேடுதான். லித்தியம் செல் 4.2 வோல்ட்டில் நின்றுகொண்டிருந்தால், அதிலும் சூட்டில், பயன்படுத்தாமலேயே கிழடாகும்.

இரண்டில் ஒன்று மட்டும் சீக்கிரம் இறங்குவது பரவலான புகார். பழைய வடிவமைப்புகளில் ஒரு பட்டு போனோடு நேரடியாகப் பேசி மற்றதற்குக் கடத்தும், அதற்குத்தான் செலவு அதிகம். அழைப்புகளுக்கு ஒரே பக்கத்தை மாட்டிப் பேசும் பழக்கமும் இதைத்தான் செய்யும். இடம் வலம் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் இரண்டும் சமமாகத் தேயும்.

தூக்கிப் போடுவதற்கு முன் இரண்டு சோதனை செய்து பாருங்கள். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் வலையில் காதுக்குறும்பி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, காய்ந்த மென் பிரஷால் தட்டி எடுங்கள். திரவத்தை நேராக ஊற்றினால் குறும்பி கரைந்து இன்னும் உள்ளே போகும். ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை என்றால் கேஸுக்குள் இருக்கும் பின்களையும் பட்டின் புள்ளிகளையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். வியர்வை உப்புப் படிந்தாலே தொடர்பு விட்டுப்போகும். பேட்டரியே போய்விட்டது என்றால், வட்டமான 1254 அளவு செல் (12 மி.மீ. விட்டம், 5.4 மி.மீ. உயரம்) போட்ட மாடல்களில் மாற்றலாம். மற்றவை பசை போட்டு ஒட்டியவை, திறந்தால் உடையும். 2027 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் சாதனங்களின் கையடக்கப் பேட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, சில விலக்குகளோடு. அதுவரை வயர் இயர்போன் வைத்திருப்பவர்கள் புத்திசாலிகள்.

மவுஸில் ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை கிளிக் ஆவதும் இந்த வரிசையில் சேரும். பெட்டியில் ஒன்றிரண்டு கோடி கிளிக் என்றிருக்கும். அந்த எண் இயந்திர ஆயுளைச் சொல்வது. உள்ளே இருக்கும் மைக்ரோ ஸ்விட்சின் தொடர்புமுனைகளில் ஆக்சைடு படியும். அதிக மின்னோட்டம் ஓடினால் அந்தப் படலம் தானே எரிந்து உடையும், மவுஸில் ஓடும் சொற்ப மின்னோட்டத்துக்கு அந்தச் சக்தி இல்லை. அதனால் கொஞ்சமாகப் பயன்படுத்திய மவுஸும் இந்த நோயில் விழும். கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டுச் சில நூறு முறை அழுத்தினால் கொஞ்ச காலம் ஓடும். நிரந்தரத் தீர்வு ஸ்விட்சை மாற்றுவது. மூன்றே கால்கள், சால்டரிங் தெரிந்தவருக்கு கால் மணி நேர வேலை. ஆப்டிகல் ஸ்விட்ச் போட்ட மாடலில் தொடர்புமுனையே இல்லாததால் இந்தப் பிரச்சினை வராது.

மின்கெட்டிலைப் பற்றிச் சுருக்கமாக. தண்ணீர் கொதிக்கும் முன்பே தானாக அணைகிறதா? அடியில் உப்புப் படிந்து தகடு அளவுக்கு மீறிச் சூடாகி, தண்ணீரில்லாமல் எரிந்தால் மின்சாரத்தை நிறுத்தும் வறட்டுச் சூட்டுப் பாதுகாப்பு வெட்டுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டுக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் விட்டுக் கழுவினால் சரியாகிவிடும். கொதித்த பிறகும் அணையவில்லையா? மூடி சரியாக அடையாமல் நீராவி ஸ்விட்சுப் பக்கம் போகாததால் இருக்கலாம். மூடியின் கீல் தளர்ந்த கெட்டிலை மாற்றிவிடுங்கள், வெற்றாக எரியவிடும் ஆபத்து உண்டு.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினில் வாங்கும்போதே கேட்க வேண்டிய ஒரு கேள்வி: வெளித்தொட்டி ஸ்க்ரூ போட்டதா, வெல்டு செய்ததா? பேரிங்கைக் காக்கும் சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போனால், சுழற்றிப் பிழியும்போது விமானம் கிளம்பும் சத்தம் வரும். ஸ்க்ரூ போட்ட தொட்டியைப் பிரித்து பேரிங்கையும் சீலையும் மட்டும் மாற்றலாம். வெல்டு செய்த தொட்டி என்றால் தொட்டி முழுவதையும் மாற்றச் சொல்வார்கள், அந்தச் செலவுக்குப் புது மெஷினே வாங்கிவிடலாம் என்று தோன்றும். விற்பனையாளருக்குத் தெரியாது. சர்வீஸ் செய்பவரைக் கேளுங்கள், அல்லது உதிரிபாகப் பட்டியலில் பேரிங் தனியாக விற்கிறதா என்று பாருங்கள். தனியாக இருந்தால் பெரும்பாலும் பிரிக்கக்கூடிய தொட்டிதான்.

ஜிப்புக்காக நல்ல பையைத் தூக்கிப் போடுபவர்கள் அதிகம். ரன்னர் ஓடிய பிறகும் பின்னால் பற்கள் பிளந்துகொண்டால், பற்களில் கோளாறு இருப்பது அரிது. ரன்னரின் இரண்டு தகடுகளுக்கு நடுவிலான இடைவெளி விரிந்திருக்கும். ரன்னரைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், பின்பக்கத்து ஓரங்கள் இரண்டையும் குறடால் மெதுவாக அழுத்துங்கள், முதலில் இடம், பிறகு வலம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஒரேயடியாக இறுக்கினால் வார்ப்பு உலோக ரன்னர் இரண்டாகப் பிளக்கும். அப்படிப் பிளந்தாலும் ரன்னரின் பின்பக்கத்தில் 5 அல்லது 8 என்று எண் பொறித்திருக்கும். அதே எண்ணும் அதே பல் வகையும் (சுருள், வார்ப்புப் பல், உலோகம்) கொண்ட ரன்னரை வாங்கி மாட்டினால் போதும், ஜிப் முழுவதையும் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை.