ஒட்டு ஆல்பமா, ஸ்கிராப்புக்கா, ஷான் பேப்பர் மடிப்புப் புக்கா: ரங்கூன் மழைக்கு எது தாங்கும்

திஞ்சான், அதான் பர்மாவோட வருஷப் பிறப்புத் தண்ணித் திருவிழா, முடிஞ்ச மறுவாரம் பாட்டியோட தகர டிரங்குப் பெட்டிய பரண்ல இருந்து இறக்கினோம். உள்ள பெருசா ஒண்ணும் இல்ல, இந்தியாவுல இருந்து பாட்டியோட தம்பி போட்ட, தாளையே கவரா மடிச்சு ஒட்டி அனுப்புற நீலக் கலர் ஏரோகிராம் லெட்டர் இருபத்திமூணு, பர்மா காசுல ஒரு 75 ஜாட் நோட்டு, தாத்தாவுக்கு சட்டை தைக்க டெய்லர் அளவு குறிச்ச துண்டுச்சீட்டு, காளி கோயில் விபூதி மடிச்ச பொட்டலம், அப்பாவோட ஸ்கூல் போட்டோ ரெண்டு, அப்புறம் யாரு கழட்டி வச்சதுன்னே தெரியாத ஒரு கொலுசு மணி. இத்தோட என் பொண்ணு சேத்து வச்சிருக்கிற டிக்கெட்டு, பூ, மிட்டாய் கவர் எல்லாத்தையும் போட்டு ஒரு மெமரி ஜர்னலா பண்ணிடலாம்னு உக்காந்தோம். உக்காந்த பிறகுதான் எதுல பண்ணப் போறோம்ங்கிற கேள்வியே வந்துச்சு, அதுக்கே ஒரு மாசம் ஓடிப்போச்சு. நாலு விதமா பண்ணிப் பாத்ததுல தெரிஞ்சத எழுதுறேன்.

ஒண்ணு மொதல்லயே சொல்லிடுறேன். வீடியோல காட்டுறவங்க எல்லாரும் காஞ்ச ஊர்ல, ஏசி ரூம்ல உக்காந்து பண்ணுறாங்க. நமக்கு மே கடைசியில ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் மழைதான், வருஷத்துக்கு 100 இன்ச்சுக்கு மேல, சென்னையில பெய்யுறதப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல நாள்கணக்கா நின்னாலே பேப்பர்ல பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிச்சிடும், நம்ம ஊர்ல ஜூலை மாசம் அதெல்லாம் சர்வ சாதாரணமா தாண்டும். அதனால அழகா இருக்கா இல்லையாங்கிறத ரெண்டாவதா வச்சுக்குவோம், பத்து மழைக்காலம் தாண்டி நிக்குமாங்கிறதுதான் மொதல்ல.

ஒட்டு ஆல்பம் நம்ம எல்லார் வீட்லயும் இருக்கு. அட்டையில கோடு கோடா பசை தடவி மேல பிளாஸ்டிக் ஷீட் மூடியிருக்கும், ஷீட்ட உரிச்சு போட்டோவ வச்சு திருப்பி மூடினா வேலை முடிஞ்சுது. சின்னப் பிள்ளையும் பண்ணலாம், ஒரே சாயங்காலத்துல ஒரு கல்யாணத்தையே அடுக்கிடலாம், அந்த வசதிய நான் மறுக்கல. ஆனா அந்தப் பசை நாளாக நாளாக மஞ்சளாயி போட்டோவோட முதுகுல இறுகிப் பிடிச்சிடுது, மேல இருக்கிறது பிவிசி ஷீட்டா இருந்தா அதுவும் காலப்போக்குல அமிலத்தக் கக்கி கலர மங்க வச்சிடுது.

எங்க வீட்ல இதுக்கு ஒரு பெரிய விலை கொடுத்தோம். 2008 மே 2 ராத்திரி நர்கிஸ் புயல்ல கூரைத் தகரம் ரெண்டு பறந்துடுச்சு, அலமாரிக்குள்ள தண்ணி. அம்மா கல்யாண ஆல்பம் ஒட்டு ஆல்பம், உள்ள போன தண்ணி அந்தப் பிளாஸ்டிக்குக் கீழயே நின்னு, நாங்க பாக்கும்போது மூணு நாள் ஆயிடுச்சு, ஷீட்ட இழுத்தா அம்மாவோட முகம் ஷீட்டோட வருது. அதே அலமாரியில சும்மா ஒரு பழைய கவர்ல கிடந்த தாத்தாவோட கருப்பு வெள்ளை போட்டோ எல்லாம் நனைஞ்சுதான் இருந்துச்சு, பக்கத்து வீட்டு அக்கா சொல்லி சுத்தமான தண்ணியில அலசி கொடியில கிளிப் போட்டு தொங்க விட்டோம், லேசா சுருண்டுச்சே தவிர முகம் முழுசா இருக்கு. நல்லா மூடி வச்சது போச்சு, சும்மா கிடந்தது பொழைச்சுது. அன்னைல இருந்து பிளாஸ்டிக்கால மூடுற எதையும் எனக்குப் பிடிக்காது.

உங்க வீட்ல ஒட்டு ஆல்பம் இருந்தா இப்பவே, மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி, போட்டோவ வெளிய எடுங்க. கையால இழுக்காதீங்க, வளைஞ்சா மேல்பூச்சு வெடிக்கும். பல் இடுக்குல விடுற ஃப்ளாஸ் நூல் இருக்கில்ல, அதை போட்டோவுக்கும் அட்டைக்கும் நடுவுல விட்டு மெதுவா ரம்பம் அறுக்கிற மாதிரி முன்னயும் பின்னயும் இழுத்தா கழண்டு வரும். வராதத விட்டுடுங்க, பக்கத்தோட ஒரு படம் எடுத்து வச்சுக்குங்க, முகத்தக் கிழிச்சு எடுக்குறதுக்கு அது மேல்.

அடுத்தது ஸ்கிராப்புக், 12 இன்ச்சுக்கு 12 இன்ச் சதுரமா வர்றது. தடிச்ச கலர் அட்டை, ஸ்டிக்கர், ரிப்பன், எல்லாம் செட்டா வருது. ஆசிட் ஃப்ரீன்னு போட்ட அட்டையா பாத்து வாங்கினா பேப்பர் நல்லாவே நிக்கும், இத குறை சொல்ல எதுவும் இல்ல, பொண்ணோட மொத பொறந்தநாள நான் இதுலதான் பண்ணேன், இன்னும் அப்படியே இருக்கு. ஆனா ஸ்கிராப்புக் போட்டோவுக்காகப் பண்ணது. ஒரு பக்கத்துல படம் வச்சு சுத்தி அலங்காரம் பண்ணி நிமித்தி வச்சு பாக்கணும். நம்ம பெட்டியில இருக்கிறது போட்டோ இல்லயே. விபூதிப் பொட்டலம், கொலுசு மணி, நாலா மடிச்ச லெட்டர் இதெல்லாம் அந்த அட்டையில ஏறினா புக்கு மூடாது, மூடினா எதிர்ப் பக்கத்துல பள்ளம் விழும். இன்னொண்ணு, வீட்டு பிரிண்டர்ல அடிச்ச இங்க்ஜெட் படத்த இதுல ஒட்டுறவங்க நிறைய பேர், ஈரக் கை பட்டாலே அந்த மை இளகும். ஸ்டுடியோல கழுவின பிரிண்ட் போடுங்க.

மூணாவது இப்ப எல்லாரும் பண்ணுற ஜங்க் ஜர்னல். பழைய புக்கையே, இல்ல கணக்கு நோட்டையே எடுத்து அதுக்குள்ள பாக்கெட், கவர், மடிப்பு எல்லாம் செஞ்சு கையில கிடைச்ச சீட்டு கீட்டெல்லாம் வைக்கிறது. இது மனசுக்கு ரொம்பக் கிட்ட வருது, ஏன்னா இதுல ஒரு டீக்கடை சீட்டுக்கும் ராஜ மரியாதை. ரங்கூன்ல 37ஆவது தெருவுலயும் பான்சோடான் தெரு பிளாட்பாரத்துலயும் பழைய புக்கு வாங்கலாம், அட்டை கெட்டியா இருக்கிறதா பாத்து எடுங்க. புக்கு வீங்காம இருக்கணும்னா மூணு தாளுக்கு ஒரு தாள தையல்கிட்ட ஒரு விரல் அகலம் மட்டும் விட்டு வெட்டிடணும், அந்த இடத்துலதான் நீங்க ஒட்டுற பொருளோட தடிமன் உக்காரும். நிறைய பேர் இத பண்ணாம ஒட்டி ஒட்டி கடைசியில புக்கு விசிறி மாதிரி விரிஞ்சு நிக்கும்.

ஆனா பழைய புக்குத் தாள்லயே அமிலம் இருக்கு, அதான் அது மஞ்சளாயிருக்கு. அதுமேல அசல் லெட்டர ஒட்டினா தாளோட மஞ்சள் லெட்டருக்கும் ஏறும். நியூஸ்பேப்பர் வெட்டி ஒட்டுறதும் அப்படித்தான், மரக்கூழ்ல இருக்கிற லிக்னின் வெளிச்சம் பட்டா பழுப்பாயிடும், பக்கத்துல இருக்கிறதயும் பழுப்பாக்கும். ஜங்க் ஜர்னல்ல அசலுக்குப் பதிலா ஜெராக்ஸ் வைங்க, இல்ல நடுவுல ஒரு ஆசிட் ஃப்ரீ தாள் கொடுங்க. பொண்ணோட மிட்டாய் கவர், சினிமா டிக்கெட்டு, ரங்கூனச் சுத்தி வர்ற வட்ட ரயில் டிக்கெட்டு இதுக்கெல்லாம் இதுவே போதும், அவளுக்குன்னு ஒண்ணு தனியா போட்டுக் கொடுத்துட்டேன். அந்த ரயில் டிக்கெட்டுக்குக் கீழ அவளே எழுதினா, "39 ஸ்டேஷன், மூணு மணி நேரம், தாத்தா 11 ஸ்டேஷன் தூங்கினாங்க". இத விட நல்லா நான் எழுதியிருக்க மாட்டேன்.

இப்ப நாலாவது. பரபைக் தெரியும்ல, பர்மாக்காரங்க அந்தக் காலத்துல எழுதின மடிப்புப் புக்கு, நீளத் தாள முன்னும் பின்னுமா விசிறி மடிப்பா மடிச்சது. கருப்புப் பரபைக்ல மாக்கல்லு பென்சிலால எழுதி அழிச்சு திரும்ப எழுதுவாங்க, வெள்ளைப் பரபைக்ல படம் வரைவாங்க, ராஜா அரண்மனைல இருந்து ஜோசியர் வரைக்கும் அதுலதான். அதே மாதிரி ஒண்ண ஷான் பேப்பர்ல நாங்களே மடிச்சோம். ஷான் மாநிலத்துல பிண்டாயாங்கிற ஊர்ல குடை பண்ணுறாங்களே அதே பேப்பர். மல்பெரி மரப் பட்டைய ஊற வச்சு, சாம்பல் போட்டு வேக வச்சு, சுத்தியலால அடிச்சுக் கூழாக்கி, சட்டத்துல ஊத்தி வெயில்ல காய வைக்கிறது. பட்டை நார் நீளமா இருக்கிறதால மடிப்புல கிழியாது, சாம்பல்ல வேகுறதால அமிலமும் குறைவு. கடைசியில நான் நிக்குறது இந்தப் பக்கம்தான்.

காரணம் அந்த ஏரோகிராம். ஒரு லெட்டர கையில எடுத்துப் பாருங்க, உள்ள வேற எதுவும் வைக்கக் கூடாதுன்னு ரூல், அதனால எழுதுறவங்க இருக்கிற இடத்தயெல்லாம் நிரப்பிடுவாங்க. பாட்டியோட தம்பி 1964-க்கு அப்புறம் கப்பல் ஏறி தமிழ்நாட்டுல பர்மா காலனின்னு பேர் வச்ச ஒரு இடத்துக்குப் போனவர், உள்பக்கம் முழுக்க எழுதி, பசை தடவுற ஓரத்துல நெடுக்க எழுதி, வெளிய மடிப்புல மிஞ்சின ரெண்டு விரக்கடை இடத்துல "அக்கா, உன் கைப் பொடி இங்க கிடைக்கல" னு எழுதியிருக்கார். இத எந்தப் பக்கம் கீழ வச்சு ஒட்டுவீங்க? எந்தப் பக்கத்த மறைச்சாலும் அவரோட பேச்சு பாதி போயிடும். ஒட்டு ஆல்பமும் ஸ்கிராப்புக்கும் இந்த ஒரு லெட்டர்லயே தோத்துடுச்சு. மடிப்புப் புக்குல ஒவ்வொரு மடிப்புலயும் அதே ஷான் பேப்பர்ல ஒரு பாக்கெட் வச்சோம், லெட்டர உருவி எடுத்து விரிச்சுப் படிச்சுட்டு திரும்ப சொருகலாம். ஒரே ஒரு லெட்டர மட்டும் பாட்டி வாங்கி மடியில வச்சுக்கிட்டு, "இத பிரிக்காம வைடி, எனக்குத் தெரியும் அதுல என்னன்னு" னாங்க. அது மடிச்சபடியே ஒரு பாக்கெட்ல இருக்கு.

தையல் இல்லாததால தடிமனான பொருள் வச்சாலும் முதுகு வெடிக்காது, ரெண்டு பக்கமும் உபயோகிக்கலாம். குறையும் இருக்கு. தூக்கும்போது அட்டையப் பிடிக்காம விட்டா சரசரன்னு மொத்தமும் அவுந்து விழும், அதனால நாடா கட்டி வைக்கணும். ஷான் பேப்பர் மைய உறிஞ்சும், இங்க் பேனாவால எழுதினா எழுத்து ஊறிப் பரவிடும், பென்சில், இல்லாட்டி பால்பாயிண்ட்தான். ராமபாணப் பூச்சிக்கு இந்தப் பேப்பரும் பிடிக்கும். வசம்பு ரெண்டு துண்டு துணியில முடிஞ்சு பெட்டியில போட்டிருக்கோம், பாட்டி வீட்ல அதான் பழக்கம்.

பசை விஷயத்துல வீட்டுக்குள்ள பெரிய பேச்சே நடந்துச்சு. மாமா மைதாப் பசையில மயில்துத்தம் போட்டு காய்ச்சலாம்னார், சுவரொட்டிக்கு அப்படித்தான் பண்ணுவாங்க பூச்சி வராதுன்னு. துத்தம் விஷம், பிள்ளைங்க தொட்டுத் தொட்டு பாக்கப் போற புக்கு இது, அதனால வேணாம்னுட்டேன். வெறும் மைதாவும் சோத்துப் பசையும் பூச்சிக்கு விருந்து. வெள்ளைப் பசை நல்லா பிடிக்கும், ஆனா தண்ணி அதிகம், மெல்லிசு தாள் சுருங்கும், பாக்கெட் ஓரத்துக்கு மட்டும் நூல் மாதிரி தடவிக்குங்க. டபுள் டேப் வெயில் மாசத்துல பசை கசிஞ்சு தூசி பிடிக்குது. செல்லோ டேப் வேணவே வேணாம், சில வருஷத்துல டேப் உதிர்ந்துடும், பழுப்புக் கறை மட்டும் லெட்டர்ல நிக்கும். போட்டோவுக்கு முக்கோணமா பேப்பர் கார்னர் மடிச்சு அத மட்டும் ஒட்டுங்க, போட்டோ மேல ஒரு சொட்டு பசையும் படாது.

அந்த 75 ஜாட் நோட்டையும் கார்னர்லதான் வச்சோம். அது 1985-ல வந்த நோட்டு, 1987 செப்டம்பர் 5-ஆம் தேதி 25, 35, 75 மூணும் செல்லாதுன்னு ஆச்சு, மாத்திக் கொடுக்கவும் இல்ல, அப்புறம் 45-ம் 90-ம் வந்துச்சு. தாத்தா வீட்டு வாடகைக்கு எடுத்து வச்சிருந்த காசுல மிச்சம் நின்னது இந்த ஒண்ணு. மாமா இத லாமினேட் பண்ணிடலாம்னார், நான் விடல, லாமினேட் பண்ணா திரும்ப எடுக்க முடியாது. கடை பில்லு மாதிரி வழவழப்பா இருக்கிற தெர்மல் பேப்பர லாமினேட் மெஷின்ல விட்டா சூட்டுல மொத்தமா கருத்துப்போயிடும், விடாம வச்சாலும் சில வருஷத்துல எழுத்து வெளுத்துடும். அந்த மாதிரி பில்லுக்கு மட்டும் போன்தான் சரி, படம் எடுத்துக்கிட்டு அத ஸ்டுடியோல பிரிண்ட் போட்டு வச்சுக்குங்க. மத்தபடி போன்லயே எல்லாத்தையும் வச்சுக்கலாம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணுதான், பாட்டிக்கு போன்ல அந்த மடிப்பத் தடவிப் பாக்க முடியாது. ஆனா எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கோம், நர்கிஸ் மாதிரி இன்னொண்ணு வந்தா அதுதான் மிஞ்சும்.

எழுதும்போது தேதியும் பேரும் மட்டும் எழுதிட்டு விட்டுடாதீங்க. டெய்லர் சீட்டுல 38, 16, 9 னு நம்பர் மட்டும் இருந்துச்சு, பாட்டிகிட்ட நீட்டினதும் "கை அளவு 9 ஆ, கிடையாது, அவருக்கு 10, டெய்லர் குறைச்சு வெட்டிட்டான், தீபாவளி முழுக்க அதயே இழுத்து இழுத்து விட்டுக்கிட்டிருந்தார்" னு சொன்னாங்க. சீட்டுக்குக் கீழ அப்படியே எழுதிட்டேன், பாட்டி பேசுற மாதிரியே.

இப்ப புக்குல 32 மடிப்பு ஆயிருக்கு. பொண்ணு திஞ்சானுக்குப் பறிச்ச பதௌக் பூ, நம்ம வேங்கை மர ஜாதிதான், ஒரே நாள்ல உதிர்ந்துடும், அத டிஷ்யூல வச்சு அம்மிக்கல்லுக்கு அடியில போட்டிருந்தோம், காஞ்சும் மஞ்சள் கொஞ்சம் நிக்குது, கடைசி மடிப்பு அதுக்குத்தான். மழை வர்றதுக்குள்ள தகரப் பெட்டியில ஈரம் உறிஞ்சுற சிலிகா ஜெல் போட்டு மூடிடணும். நவம்பர்ல வெயில் வந்ததும் வராண்டாவுல நிழல்ல முழு நீளத்துக்கும் விரிச்சு ஒரு நாள் காத்தாட விடணும், அந்த நீளம் முழுக்க நடந்து பாக்கணும்னு பாட்டி இப்பவே சொல்லி வச்சிருக்காங்க, ஞாயித்துக்கிழமையா பாத்துதான் விரிக்கணும்.