கோப்பாயில் குழாய்க்கிணறு அடித்துத் தந்த நிறுவனம்: ஒரு மதிப்பீடு

கோப்பாயில் உள்ள எங்கள் தோட்டக்காணியில் குழாய்க்கிணறு அடிப்பதற்கு யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஒரு துளையிடும் நிறுவனத்தை அமர்த்தியிருந்தோம். சொன்ன நாளில் வந்தார்கள். மேல்மண் சரியாதபடி பிவிசி குழாய் இறக்கி, வாய்ப்பகுதியைச் சீமெந்தால் அடைத்த விதத்திலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் நிலத்துக்குள் எதைக் கண்டார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட எங்களிடம் மிஞ்சவில்லை.

துளையிடும்போது பதிவு எப்படி வைக்கப்படவேண்டும் என்பதற்குக் கனிமத் தேடலை உதாரணமாகச் சொல்லலாம். மலைப்பகுதிகளில் பேரைற் என்ற கனிமத்தின் படிவுகளைத் தேடுவோர், வைரமுனைத் துளைகருவியால் பாறையைத் தண்டு தண்டாக வெளியே எடுத்து, ஆழத்தைக் குறித்துப் பெட்டிகளில் அடுக்கிவைப்பார்கள். பேரியம் சல்பேற்றாலான அந்தக் கனிமம் நீரைவிட ஏறத்தாழ 4.5 மடங்கு அடர்த்தியானது என்பதால், தண்டைக் கையில் தூக்கும்போதே அனுபவசாலிக்கு ஓரளவு விளங்கிவிடும். ஆயினும் பதிவும் ஆய்வுகூடப் பரிசோதனையும் இல்லாமல் படிவின் அளவை எவரும் மதிப்பிடுவதில்லை. ஒன்றும் அகப்படாத துளையின் பதிவுகூட, அடுத்த துளையை எங்கே இடுவது என்று தீர்மானிக்க உதவும்.

தோட்டக் கிணற்றுக்குத் தண்டு எடுக்கும்படி நான் கேட்கவில்லை; அந்தச் செலவு நமக்குக் கட்டுப்படியாகாது. காற்றழுத்தத்தில் வெளியேறும் கற்றூளைச் சில அடிகளுக்கு ஒருமுறை பையிலிட்டு ஆழத்தை எழுதுவதற்கும், நீரின் மின்கடத்துதிறனை (உப்பு கூடினால் இதுவும் கூடும்) இடையிடையே அளப்பதற்கும் அதிகம் செலவாகாது. குடாநாட்டின் மயோசீன் காலச் சுண்ணக்கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் மலிந்துள்ளன. நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இருக்கலாம் என்பது பொதுக்கணக்கு, ஆனால் இங்கே பல இடங்களில் அந்த ஒரு மீற்றரே இராது. எங்கள் கிணற்றில் ஓர் ஆழத்தில் துளைமுனை திடீரெனக் கீழிறங்கி, தூள் வருவதும் நின்றது. பொந்தொன்றைத் தொட்டதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. துளைகருவியை இயக்கியவரோ "நல்ல ஊற்று" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து இறக்கினார்.

அடிக்கணக்கில் கூலி வாங்குபவரே எங்கே நிறுத்துவதென்றும் தீர்மானிப்பது இந்தச் சேவையின் அடிப்படைப் பிழை. சில மணிநேரம் இறைத்தால் இப்போது நீர் உவர்க்கிறது. உவர்நீர் ஏறாதபடி அடிப்பகுதியை எந்த ஆழம் வரை அடைக்கலாம் என்று கேட்டபோது, அவர்களால் ஊகமாகவே பதில் சொல்ல முடிந்தது. இவர்களை அமர்த்த எண்ணுவோர், மின்கடத்துதிறன் எந்த அளவைத் தாண்டினால் நிறுத்தவேண்டும் என்பதையும், துளைப்பதிவைக் கையளித்த பின்னரே கடைசித் தவணைப் பணம் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும்.