பட்டாலையில் ஒரு அமெரிக்கச் சீட்டுப் பெட்டி

ஜூன் கடைசியில் மகள் பிள்ளைகளோடு டெக்சாஸிலிருந்து தேவகோட்டைக்கு வந்தாள். சூட்கேஸில் சாக்லேட், என் முழங்காலுக்குத் தைலம், அப்புறம் இந்த வினாடி வினாப் பெட்டி. "ஆத்தா, நீங்க முப்பது வருஷம் சரித்திரம் நடத்தினவங்க. பிள்ளைகளோட உக்காந்து விளையாடுங்க" என்றாள். இந்த மாதிரிப் பெட்டிகள் அங்கே பல பெயரில் விற்கின்றனவாம். குறை சொல்லப் போகிறேன் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

உள்ளே 400 சீட்டு. நீலம் வரலாறு, சிவப்பு சாப்பாடு, மஞ்சள் பாட்டும் சினிமாவும், பச்சை அன்றாட வாழ்க்கை. அரை நிமிஷ மணல் கடிகாரம் ஒன்று. எழுத்து எறும்பு சைஸ். எல்லாவற்றையும்விட மோசம், கேள்விக்குக் கீழேயே விடையையும் அச்சடித்து வைத்திருப்பது. படிக்கிறவர் கட்டை விரலால் மறைத்துக்கொள்ள வேண்டும். என் விரல் வாதத்தில் வளைந்தது, எதையும் முழுசாக மறைக்காது. எட்டு வயதுச் சின்னவன் முதல் நாளிலேயே அதைக் கண்டுகொண்டு என் இடது பக்கமாகவே உட்கார ஆரம்பித்தான். பட்டாலைக் கூடத்தில் மின்விசிறி போட்டால் வழவழச் சீட்டுகள் ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கிக்கொண்டு வளவு முற்றத்துக்குள் போய்விடும். மேலே பாக்குவெட்டியை வைத்து விளையாடினோம்.

பச்சைச் சீட்டில் நான் படு தோல்வி. ஐந்து சென்ட் நாணயம் நிக்கல், பத்து சென்ட் டைம். ஆனால் டைம்தான் உருவத்தில் சின்னது, அதில் 10 என்ற எண்ணும் கிடையாது. 'ஒன் டைம்' என்று மட்டும்தான் பொறித்திருக்கும். புதிதாகப் போகிறவர்கள் கடையில் எப்படிச் சில்லறை எண்ணுவார்கள்? 25 சென்ட்டுக்கு என்ன பெயர் என்ற கேள்விக்கு மட்டும் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் "குவாட்டர்!" என்று முந்திக்கொண்டு பதில் சொன்னார். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். நாங்கள் நாலணா என்று சொன்னதைத்தானே அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.

சிவப்புச் சீட்டு சுவாரசியம். உள்ளே ஜோசியச் சீட்டு வைத்த பார்ச்சூன் குக்கி பிஸ்கட் சீனத்துப் பலகாரம் இல்லையாம், கலிபோர்னியாவுக்குக் குடிவந்த ஜப்பானியர் கொண்டுவந்தது. இது சரியான தகவல்தான். அடுத்த சீட்டு, டெக்சாஸின் மாநில உணவு எது என்று கேட்டது. பேத்தி "சில்லி" என்றாள். மிளகாயையா அப்படியே சாப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். "இல்ல ஆயா, கறி போட்டு வேகவைக்கிற குழம்பு" என்றாள். 1977இல் சட்டசபையே அறிவித்ததாம். குழம்புக்குத் தீர்மானம் போட்டவர்கள் என்பதால் அவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. ஆனால் அந்த மிளகாயே அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர் கப்பலில்தான் நம் பக்கம் வந்தது, அதற்குமுன் இங்கே காரம் என்றால் மிளகுதான் என்று ஒரு சீட்டாவது சொல்ல வேண்டாமா? தக்காளியும் அப்படி வந்ததுதான். அன்றைக்கு மத்தியானம் கோழிக் குழம்பை வைத்துக்கொண்டு அதை நானே சொன்னேன்.

நீலச் சீட்டுக்கு வருகிறேன், என் கோபமெல்லாம் அங்கேதான். முதல் ஜனாதிபதி வாஷிங்டனின் பல்செட் எதனால் ஆனது என்று கேட்டு, மரம் என்று விடை போட்டிருக்கிறார்கள். தவறு. நீர்யானைத் தந்தம், உலோகம், மனிதப் பல் இவற்றால் செய்தது. அந்தச் சீட்டில் பென்சிலால் அடித்துத் திருத்திவிட்டேன். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 பற்றிய கேள்வி சரியாக ஜூலை 4 அன்றே வந்தது. விடை சரி, ஆனால் பாதி விஷயம்தான். 1776இல் விடுதலைக்கு ஓட்டுப் போட்டது 2ஆம் தேதி. அந்த நாளைத்தான் இனிக் கொண்டாடுவார்கள் என்று பின்னாளில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் தன் மனைவிக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் அவரும், விடுதலை அறிக்கையை எழுதிய ஜெபர்சனும் 1826இல் ஒரே நாளில், அதே ஜூலை 4 அன்று இறந்தார்கள். சின்னவன் இதை நம்பவில்லை. அவன் அம்மாவின் போனில் பார்த்த பிறகுதான் நம்பினான்.

நியூ ஹேவனில் உள்ள பல்கலைக்கழகம் எது? யேல். அவ்வளவுதான், சீட்டு முடிந்தது. அந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை நம் சென்னைக் கோட்டைக்குக் கவர்னர். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில்தான் கல்யாணம் செய்துகொண்டார். ஊழல் புகாரில் பதவி போனது. பிறகு 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கையும் 417 புத்தகத்தையும் வாங்கிக்கொண்டுதான் ஒரு சின்னக் கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது. அமெரிக்க விடுதலைப் போரில், யார்க்டவுனில் 1781இல் வாஷிங்டனிடம் தோற்ற ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ், ஐந்து வருஷம் கழித்து இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து திப்புவோடு சண்டை போட்டார். இதற்கும் சீட்டு இல்லை.

சரி, நாமே எழுதுவோம் என்று பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினேன். வெள்ளையாக இருந்த பின்பக்கம் முழுக்கக் கேள்வி, விடை வேறு ஒரு நோட்டில். மொத்தம் 31 சீட்டு. அதில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது ஐஸ் கேள்வி. 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் 180 டன் ஐஸ் கட்டி ஏற்றினார்கள், நாலு மாதப் பயணத்தில் உருகியது போக மீதி எவ்வளவு? சுமார் 100 டன். அப்படி வந்த ஐஸை மெட்ராசில் சேமித்த கட்டடம்தான் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ். சிகாகோ போய்ப் பேசிவிட்டு வந்த விவேகானந்தர் 1897இல் தங்கியதும் அங்கேதான். அவரை அமெரிக்கா போகச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர்களில் ஒருவர் எங்கள் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி என்றதும், பேத்தி "ஆயா, அப்ப இதுவும் அமெரிக்கச் சரித்திரமா?" என்று கேட்டாள். நீலத்தில் சேர்த்துக்கொள் என்றேன்.

மஞ்சளைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. ஒருத்தர் பெயரும் தெரியவில்லை.

வாங்கலாமா என்றால், பேரப்பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள் என்றால் வாங்கலாம். பச்சைக்கும் சிவப்புக்கும் கொடுத்த காசு தகும். நீலத்தைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து படித்தால் நல்லது. இங்கேயே படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் மூடி வைத்துவிடுவார்கள்.

பெட்டி இப்போது இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்கிறது. என் பத்திரிகைச் சீட்டுகளைச் சின்னவன் ஊருக்கு எடுத்துப் போய்விட்டான். விடை நோட்டை மறந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் வந்தால் அதற்காகத்தான்.