பெரம்பூர் கிளப்பில் ஆர்கன் கச்சேரி: 40 நிமிடம் ஓடிய ‘ம்ம்ம்’

லீவில் ஊருக்கு வந்தால் வடசென்னையில் ஒரு மேடைக் கச்சேரியாவது கேட்காமல் விமானம் ஏற மனசு வராது. இந்த முறை பெரம்பூரில், ரயில்வே குடியிருப்பை ஒட்டிய ஒரு கிளப். இருபது வயதைத் தொடாத பையன், எலக்ட்ரானிக் ஆர்கன். கைக்கு இரண்டு அடுக்குக் கட்டைகள், காலுக்கு 25 கட்டை வைத்த பெடல் பலகை. வாசிப்பில் குறையே இல்லை. பேச வேண்டியது மைக் செட்டைப் பற்றி.

7 மணிக் கச்சேரி 7.40க்குத் தொடங்கியது, அது வழக்கம்தான். முதலில் மோகனம், சுருதி 5 கட்டை, அதாவது மேற்கத்தியக் கணக்கில் ‘ஜி’. இடது கால் ‘ஜி’ பெடலை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை மேல் அடுக்கில் ஆலாபனை. 16 அடி ஸ்டாப்பில் (ஸ்டாப் என்பது ஆர்கனின் குரலைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச்; 16 அடி, 8 அடியைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்) அந்த ‘ஜி’ 49 ஹெர்ட்ஸ். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரில் கரண்ட் உறுமிக்கொண்டே இருந்தது. ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசத்தில் இரண்டும் மோதினால் நொடிக்கு ஒரு தடவை சத்தம் ஏறி இறங்கும். 18 இஞ்ச் பேஸ் பெட்டிகள் நல்ல பெட்டிகள், அதனால் உறுமலும் சுத்தமாகக் கேட்டது. ஆதாரமாக நிற்க வேண்டிய சுருதி தூளி மாதிரி ஆடியது. பையன் 16 அடியை எடுத்துவிட்டு 8 அடி மட்டும் வைத்துப் பார்த்தான். அப்போது பெடல் 98, உறுமலின் மேல் சுரம் 100. ஆட்டம் நொடிக்கு இரண்டாக ஆனதுதான் மிச்சம்.

மைக் செட்காரரிடம் போய்ச் சொன்னால், “அது ஏசி லைன் சார், அப்பிடித்தான் வரும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எர்த் பின்ன புட்டுட்டா நின்னுடும்” என்று கட்டிங் பிளேயரை எடுத்துவிட்டார்! லண்டனில் பல சின்ன சர்ச் ஹால்களில்கூட, சோதித்த தேதி ஒட்டாத பிளக்கை உள்ளே விடமாட்டார்கள். எர்த் இல்லாத ஆர்கனுக்குள் எங்காவது வயர் கசிந்தால் அதன் இரும்புச் சட்டத்தில் 230 வோல்ட் நிற்கும். ஒரு கை சட்டத்தில், உதடு மைக்கில் என்று இருக்கும் பையனின் உடம்பு வழியாகத்தான் அது இறங்கும். உறுமல் நிற்கும், உயிருக்கு உத்தரவாதம் கிடையாது.

நல்லவேளை, ஐசிஎப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து வந்தார். மேடைச் சுவரில் ஆர்கன் பிளக், ஹாலின் பின்பக்கச் சுவரில் மிக்ஸர் பிளக். இரண்டையும் பார்த்தார். “தம்பி, எர்த்து ரெண்டு எடத்துல போவுது. எல்லாத்தையும் ஒரே போர்டுல குத்து.”

விஷயம் அவ்வளவுதான். இரண்டு பாயின்ட்டின் எர்த்தும் ஒரே வோல்டேஜ் மட்டத்தில் இருக்காது. நடுவில் ஓடும் ஜாக் வயரின் வலைக் கம்பி இரண்டையும் இணைத்துவிடுவதால், வித்தியாசக் கரண்ட் அதன் வழியே பாய்ந்து உறுமலாக வருகிறது. சாதா ஜாக் வயர் ஐந்தாறு மீட்டருக்குள் இருந்தால் சமாளிக்கும். இங்கே ஹாலின் நீளம் முழுக்க இழுத்திருந்தார்கள்.

8.20க்கு மிக்ஸர் போர்டிலிருந்தே மேடைக்கு எக்ஸ்டென்ஷன் போட்டதும் முக்கால்வாசி உறுமல் போனது. மீதிக்கு டிஐ பாக்ஸ் வேண்டும், அதாவது வாத்தியத்தின் சிக்னலை நீள வயரில் உறுமல் ஏறாதபடி மாற்றி மிக்ஸருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி. கேட்டதும், “இருக்குது சார், கிட்டாருக்கு மட்டுந்தான் போடுவோம்” என்று பெட்டியின் அடியிலிருந்து எடுத்தார் மைக் செட்காரர். ஆர்கனிலிருந்து பாக்ஸுக்குக் குட்டை ஜாக் வயர், அங்கிருந்து மிக்ஸருக்கு மூன்று முள் எக்ஸ்எல்ஆர் வயர், பாக்ஸின் பக்கத்தில் இருக்கும் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ ஸ்விட்சை ஒரு தட்டு. அந்த ஸ்விட்ச் சிக்னல் வயரின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும், பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும். உறுமல் அறவே நின்றது. பையன் மறுபடி ‘ஜி’ பெடலை அழுத்தினான். மோகனம் முழுதாக இன்னொரு தடவை. நின்ற சுருதியில் அந்தக் காந்தாரத்தைக் கேட்டபோது, சின்ன வயதில் லூர்து மாதா கோயில் திருவிழாவுக்குக் கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்கள் ஞாபகம் வந்தன. கரகரப்புக்குப் பேர் போனவை, ஆனால் கட்டிய அண்ணன்மார் எர்த் கம்பியைத் தண்ணீர் ஊற்றிய மண்ணில் அடிக்காமல் ஆம்பிளிஃபயரைத் தொடமாட்டார்கள்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. டிஐ பாக்ஸ் ஒன்றே ஒன்றுதான். ஆர்கனின் இடது, வலது இரண்டு ஓட்டைகளுக்கும் சேர்த்து இரண்டு வேண்டும். ஒன்றுதான் என்றால் ‘எல்/மோனோ’ என்று எழுதியிருப்பதில்தான் குத்த வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து வருவது அதில்தான். முதலில் வலதில் குத்திவிட்டு, பாதி சத்தம் காணோம் என்று ஐந்து நிமிடம் தேடினார்கள். மோனோவில் மெட்டு முழுதாக வந்தது. ஆனால் பையன் கடைசி உருப்படிக்கென்று வைத்திருந்த லெஸ்லி சுழற்சி (ஸ்பீக்கரே சுழல்வது போன்ற ஒலி), இடமும் வலமுமாக ஹாலைச் சுற்றி வர வேண்டியது, நடுவிலேயே அடைந்து கிடந்தது.