24 வோல்ற் லொறியில் சிபி வானொலி: தீராத இரைச்சலைப் பற்றி

லொறியில் மின்சாரம் பிறப்பிக்கும் அல்ரனேற்றரைக் கழற்றி, பழுதான டயோட்டுகளை மாற்றிப் பூட்டிய பிறகு, வாகனங்களுக்கிடையே நேரடியாகப் பேச உதவும் சிபி வானொலியில் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஊளைச் சத்தம் அடங்கிவிட்டது. அடங்கிய பிறகுதான், அதற்கு அடியில் இன்னோர் இரைச்சல் அசையாமல் இருந்திருப்பது தெளிவாகக் கேட்டது. இந்த இரண்டாவது இரைச்சல்தான் என் பொறுமையைத் தின்றது. ஆகவே அதைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன். 40 சனல், 4 வாற்று, ஏ.எம். முறை என்ற விபரங்கள் பெட்டியின் மீதே அச்சிடப்பட்டிருக்கின்றன. வன்னியின் காட்டு வீதிகளில் ஓடும் ஒரு வாகனத்தில் அதைப் பூட்டிப் பேசும்போது என்ன நடக்கிறது என்பது எந்தப் பெட்டியிலும் எழுதப்படவில்லை.

எங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, நெடுங்கேணிப் பக்கத்து வயல்களிலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் நெல் ஏற்றுவது எங்கள் தொழில். ஒரு லொறியும் ஒரு பிக்கப்பும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஏ9 வீதியில் கைத்தொலைபேசி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மாங்குளத்தில் திரும்பிக் காட்டுக்குள் இறங்கியதும், அல்லது புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிக்குப் போகும்போதும், சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் கிடந்த நாட்களில், முன்னால் போன வாகனம் எங்கே நிற்கிறது என்று பின்னால் வருபவருக்குத் தெரிவிக்க வழியில்லாமல் நாங்கள் பட்ட அவதிதான் கடைசியில் இதை வாங்க வைத்தது.

கடைக்குப் போவதற்கு முன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கையில் வானொலி அலை கடத்தும் கருவியை உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடாது. தொலைத்தொடர்புகளை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான் என்றாலும், எங்கள் மண்ணில் நீண்ட அன்ரனாவோடு ஒரு வாகனம் போனால் அதை நிறுத்திக் கேட்பார்கள் என்பதற்கான காரணத்தை இங்கே வாழ்ந்த எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அனுமதிப் பத்திரத்தின் பிரதியை லமினேற் செய்து சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறோம். கேட்டவர்கள் பார்த்துவிட்டுப் போக விட்டிருக்கிறார்கள். இதுவரை அதனால் தொல்லை எதுவும் வரவில்லை.

அன்ரனாவுக்கு வருகிறேன். 27 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 11 மீற்றர். அதில் கால்பங்கு என்றாலே 2.7 மீற்றருக்கு மேல் வரும். அவ்வளவு நீளமான கம்பியை லொறியின் தலையில் நட்டுக்கொண்டு பாலை மரக் கிளைகளுக்குக் கீழே ஓட முடியாது. எனவே, அடியில் சுருள் வைத்துக் குறுக்கிய, ஒன்றரை மீற்றருக்கு உட்பட்ட அன்ரனாவைத்தான் எல்லோரும் பூட்டுகிறார்கள். நாங்களும் பக்கக் கண்ணாடியின் தாங்கியில், அடியில் ஸ்பிரிங் வைத்து, அப்படியே பூட்டினோம். கிளை அடித்தால் வளைந்து நிமிர்ந்துவிடும். இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையே இல்லை.

ஆனால் அன்ரனாவுக்கு வாகனத்தின் உலோக உடலும் மறுபாதியாக வேலை செய்ய வேண்டும் என்பதைப் பூட்டுகிறவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்பக்கம் கவிழ்த்துத் திறக்கும் கபின் உள்ள லொறிகளில் கபின் ரப்பர் துண்டுகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. லொறியின் அடிச்சட்டமான செசியோடு அதற்கு மின்தொடர்பு கொடுப்பது பெரும்பாலும் ஒரேயொரு பின்னல் கம்பிப் பட்டைதான். எங்கள் லொறியில் அந்தப் பட்டை உப்புப் பூத்தது போல் பச்சையாகிக் கையால் தொட்டதும் இழை இழையாக உதிர்ந்தது. கண்ணாடித் தாங்கியோ பெயின்ற் பூச்சுக்கு மேல் முடுக்கப்பட்டிருந்தது. புதுப் பட்டை போட்டு, தாங்கியின் அடியில் பெயின்றைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும்படி செய்ததும், அன்ரனாவுக்கு அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றரில் (1க்கு அருகே நின்றால் நல்லது) 3க்கு அருகே நின்ற அளவு 1.5க்குக் கீழே இறங்கியது. மீற்றரில் 1ஆம் சனலையும் 40ஆம் சனலையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: 40இல் அளவு கூடினால் கம்பி நீளம் அதிகம், 1இல் கூடினால் நீளம் போதாது. சில மில்லிமீற்றர்களே போதும். 3க்கு மேல் நிற்கும்போது பொத்தானை அமுக்கிப் பேசிக்கொண்டேயிருந்தால் கருவியின் கடத்தும் பகுதி கெட்டுவிடும்.

இப்போது என் கோபத்துக்கு உரிய இடத்துக்கு வருகிறேன். நாங்கள் வாங்கிய செற் 12 வோல்ற்றுக்கானது. லொறி 24 வோல்ற். இதை அறிந்தே, "இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து 12ஐ எடுத்துவிடலாம், ஒன்றும் ஆகாது" என்று கராஜில் வயரிங் பாஸ் உறுதியாகச் சொன்னார். தொடராக இணைத்த இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் சுமையை எடுத்தால், அந்தப் பற்றரி எப்போதும் குறைவாகவே ஏறும், மற்றது அளவுக்கு மீறி ஏறும்; இரண்டும் நாளடைவில் கெடும். அதுதான் நடந்தது. காலபோக அறுவடையின் நடுவே, விடிகாலையில், நெல்லோடு நின்ற லொறி ஸ்ராற் ஆகவில்லை. பற்றரியின் விலையை அந்தக் கராஜ் தரவில்லை. தன் தொழிலில் இத்தனை அடிப்படையான விடயத்தை அறியாத, அல்லது அறிந்தும் சோம்பலால் தவிர்த்த, ஒருவருக்குக் கூலி கொடுத்ததை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

அதன்பிறகு அதே கராஜ் பூட்டிக் கொடுத்தது 24ஐ 12ஆக்கும் ஒரு மலிவான கொன்வேர்ட்டர். இரண்டாவது இரைச்சல் அங்கேதான் பிறக்கிறது. இந்தக் கொன்வேர்ட்டர்கள் மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அழுத்தத்தைக் குறைக்கின்றன. அந்த வெட்டின் எதிரொலிகள் அதிர்வெண் ஏணியில் படிப்படியாக ஏறி 27 மெகாஹேர்ட்ஸ் வரை வந்து நிற்கின்றன. ஏ.எம். வானொலி அலையின் உயரத்தில் ஏற்படும் மாற்றத்தைத்தான் ஒலியாக்குகிறது. இரைச்சலும் உயரத்தில் ஏற்படும் மாற்றமே என்பதால் இரண்டையும் அதனால் பிரித்தறிய முடியாது. நல்ல கொன்வேர்ட்டரில் இதைத் தடுக்கும் வடிகட்டியும் உலோகக் கவசமும் இருக்கும். எங்களுடையதைத் திறந்து பார்த்தேன்: வடிகட்டிச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் பலகையில் துளைகள் மட்டும் இருந்தன, சுருளுக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பி ஒட்டப்பட்டிருந்தது.

இதன் விளைவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதை "கொஞ்சம் சத்தம்தானே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். செற்றில் ஸ்குவெல்ச் என்ற குமிழ் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வரும் எதையும் அது அடைத்துவிடும். இரைச்சல் இல்லாத வாகனத்தில் அதைச் சற்றே திருப்பினால் போதும், மெல்லிய குரலும் கதவைத் திறந்துகொண்டு வரும். அந்தக் கொன்வேர்ட்டரில் ஓடும்போது எங்கள் லொறியில் இரைச்சலை அடைக்க அதை முக்கால் பங்கு திருப்ப வேண்டியிருக்கிறது. திருப்பியதும் பிக்கப்பில் வரும் தம்பியின் குரலும் சேர்ந்து அடைபட்டுவிடுகிறது. சமதரையான எங்கள் நிலத்தில் இரண்டு வாகனங்கள் ஆறேழு கிலோமீற்றர் இடைவெளியில் பேசிக்கொள்ளலாம். லொறியில் எங்களுக்குக் கிடைப்பது இரண்டுதான். தம்பி எங்களைத் தெளிவாகக் கேட்கிறான், நாங்கள் அவனைக் கேட்பதில்லை. "அண்ணை, நான் சொன்னது விளங்கினதோ?" என்று அவன் கேட்டுக்கொண்டேயிருந்ததை அடுத்த சந்தியில் நிறுத்திப் பேசும்போதுதான் அறிவேன்.

இரைச்சல் எந்த வழியாக வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை நிறுத்துங்கள்: நின்றுவிட்டால் அல்ரனேற்றர், எஞ்சின் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கினாலும் அதுவே. எஞ்சின் நின்ற பிறகும் தொடர்ந்தால் வேறெங்கோ பாருங்கள். அன்ரனாக் கம்பியைக் கழற்றுங்கள்: இரைச்சல் குறையாமல் இருந்தால் மின்வயர் வழியாக வருகிறது, அடங்கினால் அன்ரனா வழியாகக் காற்றில் வருகிறது. எங்கள் லொறியில் இரண்டு வழியாலும் வந்தது. ஐயம் தீர, மோட்டார் சைக்கிளின் 12 வோல்ற் பற்றரியைக் கழற்றிக் கபினுக்குள் வைத்து, கொன்வேர்ட்டரின் வயரை முற்றாக விலக்கிவிட்டுச் செற்றை அதில் கொழுவினேன். வந்து சேரும் அலையின் வலுவைக் காட்டும் செற்றின் மீற்றரில் பாதிக்கு மேல் எரிந்துகொண்டிருந்த கோடுகள் ஒன்றாகக் குறைந்தன. நெடுங்கேணிச் சந்தியிலிருந்து தம்பி பேசியது பக்கத்து ஆசனத்திலிருந்து பேசுவது போலக் கேட்டது. அன்றுதான் இந்தச் செற் எவ்வளவு நல்லது என்பது எனக்கு முழுமையாகத் தெரிந்தது. அதைவிட அதிகமாக, இத்தனை காலம் எதை இழந்திருந்தோம் என்பதும் தெரிந்தது.

வயர் வழியே வரும் இரைச்சலைத் தடுக்கும் பெரைற் வளையங்களை மின்வயரிலும் அன்ரனா வயரிலும் மாட்டினேன், ஓரளவு குறைந்தது. கொன்வேர்ட்டரைக் கபினிலிருந்து எடுத்துப் பற்றரிப் பெட்டியருகே இரும்புப் பேழைக்குள் வைத்தேன். இன்னும் கொஞ்சம் குறைந்தது. செற்றில் உள்ள இரைச்சல் ஒடுக்கும் பொத்தான் தீப்பொறி போல இடைவிட்டு வரும் சத்தத்துக்கு மட்டுமே உதவும், இடைவிடாத இந்தச் சீறலுக்கு அதனால் பயனில்லை. மின்னை வெட்டாமல், மிகையை வெப்பமாகவே வெளியேற்றும் பழைய வகைக் குறைப்பான் இருந்தால் பிரச்சினை வேரோடு தீரும். அது சுடும், அலுமினியத் தகடு வேண்டும், ஆனால் சத்தமே போடாது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கேட்ட கடைகளில் அதைத் தேடுபவன் நான் ஒருவனே என்பது போலப் பார்த்தார்கள். இப்போது ஆசனத்துக்குப் பின்னால் ஒரு சிறிய கார்ப் பற்றரியை நன்கு கட்டி வைத்து, இரவில் வீட்டில் ஏற்றி, காலையில் தூக்கிக்கொண்டு வந்து வைக்கிறோம். வேலை நடக்கிறது. ஆனால் நாள் முழுக்க நெல் மூட்டையோடு மல்லுக்கட்டும் ஒரு சாரதியிடம் இதையும் தூக்கு என்று சொல்வது நியாயமில்லை.

பிக்கப்பில் நிலைமை முற்றிலும் வேறு. அது 12 வோல்ற். அதே செற்றை, நேர் முனைக்கும் எதிர் முனைக்கும் தனித்தனிப் பியூஸ் வைத்து, சிகரற் லைற்றர் துளையிலிருந்தோ பியூஸ் பெட்டியிலிருந்தோ எடுக்காமல், நேரடியாகப் பற்றரியிலிருந்தே தடித்த வயரில் கொண்டுவந்தோம். பூட்டிய நாளிலிருந்து ஒரு குறையும் இல்லை.

அந்த ஒழுங்கான வேலையின் பலனை மழைக்காலத்தில் நன்றாக உணர்ந்தோம். ஒட்டுசுட்டான் வீதியில் மழை இருட்டில் முன்னால் போன பிக்கப்பிலிருந்து, "யானை வீதிக்குக் குறுக்கே நிற்குது, லைற்றைக் குறைச்சு அங்கேயே நில்லுங்கோ" என்று தம்பி சொன்னான். கைத்தொலைபேசியாக இருந்தால் எண்ணைத் தேடி, அழைத்து, எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். இங்கே பொத்தானை அமுக்கியதும் கேட்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போய்விடுகிறது. பாலத்துக்கு மேல் வெள்ளம் பாய்கிறது, எதிரே மரம் விழுந்திருக்கிறது, நெல் வெட்டும் மெசின் வீதியை அடைத்துக்கொண்டு வருகிறது என்பதெல்லாம் இப்படித்தான் வந்து சேர்கின்றன. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லொறிக்காரர்கள் 19ஆம் சனலிலும் அவசரத்துக்கு 9ஆம் சனலிலும் பேசும் வழக்கம் உண்டு. எங்கள் பக்கத்தில் சனல்கள் ஏறக்குறைய வெறுமையாகவே கிடப்பதால், எந்தச் சனலை எடுத்தாலும் அது எங்களுக்கே உரியதாகிவிடுகிறது. சூரியப் புள்ளிகள் மிகுந்திருக்கும் ஆண்டுகளில் மட்டும், பகற்பொழுதில் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, மலாய்ச் சாயலில் யாரோ ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து பேசுவது குறுக்கே கேட்கும். சனலை மாற்றிவிட்டால் போதும்.

பரந்தனில் இருக்கும் ஒரு நண்பர், தன் லொறிக்கும் இதைப் பூட்டலாமா என்று கேட்டிருந்தார். அவருடையதும் 24 வோல்ற். மேலே எழுதியவற்றை வாசித்தால், பூட்டச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார். வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். பற்றரி போன காசும், கொன்வேர்ட்டருக்குக் கொடுத்த காசும், கேட்காமல் போன குரல்களும் சேர்ந்து என்னை இப்படிச் சொல்ல வைக்கின்றன. செற்றின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 12, 24 இரண்டையும் தானே ஏற்கும் செற்றுகளும் விற்பனைக்கு உண்டு. அப்படி ஒன்று அவருக்குக் கிடைக்குமானால், முதலில் தன் லொறியிலேயே கொழுவி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்குவெல்ச்சை முழுவதும் திறந்து வைத்துக் கேட்கட்டும். அந்த நிலையில் செற்றின் மீற்றரில் ஒன்றிரண்டு கோடுகளுக்கு மேல் எரியாவிட்டால் மட்டும் காசைக் கொடுக்கட்டும்.