சிவிலைசேஷன், எக்ஸ்காம், ஃபயர் எம்பளம்: டர்ன்-பேஸ்டு கேம்களைப் பெருங்கூட்டத்திடம் கொண்டு சேர்த்தது எந்த வழி?

2011இல் கேம் வெளியீட்டு நிறுவனமான 2கேயின் அப்போதைய தலைவர் கிறிஸ்டோஃப் ஹார்ட்மன் ஒரு பேட்டியில், வியூக கேம்கள் இந்தக் காலத்துக்கு உரியவை அல்ல என்ற பொருளில் பேசினார். வேற்றுக்கிரகவாசிகளோடு போரிடும், 1994இல் வந்த பழைய வியூக கேமான எக்ஸ்காமை எதற்காக ஷூட்டராக (துப்பாக்கிச் சண்டை கேமாக) மாற்றுகிறோம் என்பதற்கான விளக்கம் அது. அடுத்த ஆண்டே அதே 2கே, ஃபிராக்ஸிஸ் ஸ்டுடியோ உருவாக்கிய ‘எக்ஸ்காம்: எனிமி அன்னோன்’ கேமை வெளியிட்டது. முழுக்க முழுக்க டர்ன்-பேஸ்டு, அதாவது இரு தரப்பும் மாறி மாறித் தங்கள் முறையில் ஆடுவது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அந்த ஷூட்டரோ 2013இல் வேறு பெயரில் வந்து, கலவையான விமர்சனங்களோடு கடந்து போனது.

இந்த எண்ணம் ஹார்ட்மனோடு தொடங்கியதல்ல. 1990களின் பிற்பகுதியில் கமாண்ட் அண்ட் காங்கர், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், ஸ்டார்கிராஃப்ட் எல்லாம் வரிசையாக வந்து வியூக கேம் என்றாலே ரியல்-டைம்தான் (எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடுவது) என்றாக்கிவிட்டன. நம் முறை, பிறகு எதிரியின் முறை என்று காத்திருந்து ஆடுவது பழைய காலத்துப் பழக்கம் என்று பலரும் முடிவு கட்டினார்கள். அந்த முடிவு தவறு என்று மூன்று தொடர்கள் மூன்று வேறு வழிகளில் காட்டின. அவற்றில் எந்த வழி உண்மையில் புதியவர்களைக் கொண்டுவந்தது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

சிவிலைசேஷன் மூத்தது. ஒரு நாகரிகத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு வளர்த்து ஆளும் கேம்; 1991இல் வடிவமைப்பாளர் சிட் மெயர் தொடங்கி வைத்தது. அது தன்னைப் பெரிதாக மாற்றிக்கொள்ளத் தேவையே இருக்கவில்லை; வரலாறு எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரியும் என்பதே அதன் பெரிய பலம். கிளியோபாட்ரா யார், காந்தி யார் என்று ஆட வருபவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றது, எல்லாக் கருவிக்கும் போனது. ஆறாம் பாகம் 2016இல் கணினிக்கு வந்தது. 2017இல் ஐபேட், 2018இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச், 2019இல் பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும். அவசரப்படுத்தாத கேம் என்பதால் தொடுதிரையிலும் அழகாகப் பொருந்தியது.

அதன் பலவீனமும் ஆடியவர்களுக்குத் தெரியும். கடைசி மூன்றில் ஒரு பங்கு இழுக்கும். வெற்றி யாருக்கு என்று தெரிந்த பிறகும் நூறு டர்ன் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். 2025இல் வந்த ஏழாம் பாகம் இதைத்தான் சரிசெய்யப் பார்த்தது. ஆட்டத்தை மூன்று யுகங்களாகப் பிரித்து, யுகம் மாறும்போது நாகரிகமும் மாறும்படி செய்தது. நடுவில் உள்ள யுகத்தில் சோழர்கள் வருகிறார்கள், கடல் வணிகத்தை மையமாக வைத்து. ராஜேந்திரனின் கடற்படை பற்றிப் படித்து வளர்ந்த நமக்கு அது தனி மகிழ்ச்சி. ஆனால் நாகரிகம் மாறுவதைப் பழைய ரசிகர்கள் பலர் ஏற்கவில்லை, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் கருத்துகள் கலவையாகவே இருந்தன. சிவிலைசேஷனுக்கென்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது. ஆனால் அது தனித் தீவு. அங்கே பல வருடம் ஆடியவர்கள் அந்தப் பழக்கத்தோடு இன்னொரு டர்ன்-பேஸ்டு கேமுக்குப் போவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

எக்ஸ்காமின் வழி வேறு. ஜேக் சாலமன் தலைமையிலான குழு பழைய விதிகளை ஈவிரக்கமின்றி வெட்டியது. 1994 கேமில் ஒவ்வோர் அடிக்கும், திரும்புவதற்கும், மண்டியிடுவதற்கும் டைம் யூனிட் (ஒரு முறைக்குள் செலவழிக்கக் கிடைக்கும் நேரப் புள்ளிகள்) செலவாகும். கணக்குப் போட்டே களைத்துப்போவோம். புதியதில் ஒரு வீரருக்கு ஒரு முறையில் இரண்டே செயல்கள்: நகரலாம், சுடலாம், அல்லது இரண்டு மடங்கு தூரம் ஓடலாம். அணியில் அதிகபட்சம் ஆறு பேர். சுடும்போது கேமரா வீரரின் தோளுக்குப் பின்னால் இறங்கும். கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து ஆட முடிந்தது. வீரர்களுக்கு நண்பர்களின் பெயரை வைக்கலாம். செத்தால் செத்ததுதான், திரும்ப வரமாட்டார்கள். ஆழத்தைக் குறைக்காமல் நுழைவாசலை மட்டும் அகலமாக்கிய வேலை இது. இந்த மூன்றில் எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

ஃபயர் எம்பளம், வாளும் மந்திரமும் கொண்ட வீரர்களை வழிநடத்தும் நின்டெண்டோ தொடர்; 1990இல் ஜப்பானில் பிறந்து, 2003 வரை வெளிநாட்டுக்கே போகாத தொடர். 2001இல் நின்டெண்டோ பாத்திரங்கள் மோதும் சண்டை கேமான சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீயில் மார்த், ராய் என்ற இரண்டு வாள்வீரர்கள் வந்து, ‘இவர்கள் யார்?’ என்று மேலைநாட்டுப் பிள்ளைகளைக் கேட்க வைத்தார்கள். அப்போதும் விற்பனை சரிந்துகொண்டேதான் இருந்தது. 2012இன் ‘அவேக்கனிங்’ இரண்டரை லட்சம் பிரதிகூட விற்காவிட்டால் தொடரையே நிறுத்துவதாக இருந்தது என்று அதை உருவாக்கியவர்களே பிறகு சொன்னார்கள். அது பல மடங்கு விற்றது. 2019இல் வந்த ‘த்ரீ ஹவுசஸ்’ சுமார் 40 லட்சத்தைத் தொட்டது. காரணம் போர்க்களம் மட்டுமல்ல. ஒரு கேசுவல் முறை வைத்தார்கள்: விழுந்தவர் அடுத்த அத்தியாயத்தில் எழுந்து வருவார். சண்டைகளுக்கு நடுவே அந்த மனிதர்கள் பேசினார்கள், பழகினார்கள், காதலித்தார்கள். யாரை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி, யாரை ஆபத்தில் விடுவது என்ற கேள்வியாக மாறியது.

இனி அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். புதியவர்கள் கோபித்துக்கொண்டு கேமை மூடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். குறி தவறாமல் படும் வாய்ப்பு 95 சதவீதம் என்று திரை சொல்லும், குண்டு தவறும். கணக்கின்படி அது இருபதில் ஒரு முறை நடக்க வேண்டியதே, மனம் ஏற்காது. எக்ஸ்காம் 2 எளிய நிலைகளில் ரகசியமாகக் கைகொடுக்கிறது. தொடர்ந்து தவறினால் அடுத்த குறியின் வாய்ப்பு திரையில் காட்டாமலே கூடும். மிகக் கடினமான நிலையில் இந்தச் சலுகை கிடையாது. ஃபயர் எம்பளம் 2002இல் வந்த பாகம் முதல் பல பாகங்களில் இன்னும் தைரியமாகச் செய்தது: அடி படுமா என்று தீர்மானிக்க, குலுக்கிய ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் சராசரியைப் பார்க்கும். அதனால் திரையில் 90 என்றால் உண்மையில் 98க்கு மேல். 10 என்றால் உண்மையில் 2 அளவுதான். எண் பொய் சொல்கிறது என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 90 என்று பார்க்கும்போது மனிதர் மனதில் எழும் நம்பிக்கைக்குத்தான் அது நேர்மையாக இருக்கிறது.

இரண்டு பேர் இதற்கு மாற்று வழி கண்டார்கள். யூபிசாஃப்ட்டின் ‘மாரியோ + ராபிட்ஸ்’ (2017) அடி படும் வாய்ப்பை கிட்டத்தட்ட எப்போதும் 0, 50, 100 சதவீதம் என்று மூன்றாகச் சுருக்கியது. எட்டு வயதுக் குழந்தைக்கும் புரியும். சப்செட் கேம்ஸின் ‘இன்டு தி பிரீச்’ (2018) 8-க்கு-8 கட்டத்தில், எதிரி அடுத்து எங்கே அடிக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். நம் அடி தவறவே தவறாது. தோற்றால் பழியைப் போட யாரும் இல்லை. வடிவமைப்பில் இதைவிடச் சுத்தமான டர்ன்-பேஸ்டு கேம் என் பார்வையில் இல்லை.

சரி, பிரபலமான முகங்களைக் கொண்டுவந்தால் கூட்டம் வராதா? வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. சாலமனே 2022 டிசம்பரில் ‘மார்வெல்ஸ் மிட்நைட் சன்ஸ்’ தந்தார். அயர்ன் மேன், ஸ்பைடர்-மேன், நல்ல விமர்சனங்கள், எல்லாம் இருந்தும் வணிகரீதியாக எதிர்பார்த்தபடி போகவில்லை என்று 2கேயின் தாய் நிறுவனமான டேக்-டூவின் தலைவரே ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு வந்த இரண்டாவது மாரியோ + ராபிட்ஸும் எதிர்பார்ப்புக்குக் கீழேதான் விற்றது என்று யூபிசாஃப்ட் அறிவித்தது. மறுபக்கம், 2023இல் பால்டர்ஸ் கேட் 3 ‘தி கேம் அவார்ட்ஸ்’ மேடையில் ஆண்டின் சிறந்த கேம் ஆனது. அது ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக வாழ்ந்து கதையில் பயணிக்கும் கேம்), வியூக கேம் அல்ல என்பார்கள். வகை எதுவாகவும் இருக்கட்டும், அதன் சண்டைகள் டர்ன்-பேஸ்டு. முறை வரும்வரை காத்திருக்க மக்களுக்குப் பொறுமை இல்லை என்ற வாதம் அத்தோடு முடிந்தது.

ஆகவே சந்தை என்று பார்த்தால் என் ஓட்டு ஃபயர் எம்பளத்துக்கு. எக்ஸ்காம் சிறந்த கேம்தான். ஆனால் 2016க்குப் பிறகு மூன்றாம் பாகம் வரவில்லை, 2020இல் ஒரு சிறிய கிளைக் கதையோடு நின்றுவிட்டது. சிவிலைசேஷன் தன் ரசிகர்களைக் காப்பாற்றிக்கொள்ளவே போராடுகிறது. ஃபயர் எம்பளம்தான் வியூகம் என்ற பெயரைக் கேட்டாலே விலகிப் போகிறவர்களை உள்ளே அழைத்துவந்தது. அதற்குள்ள ஒரே பெரிய தடை, முதன்மை பாகங்கள் நின்டெண்டோ கருவிகளில் மட்டுமே ஓடும். கைபேசியில் 2017 முதல் ‘ஹீரோஸ்’ இருக்கிறது. ஆனால் அது ‘காச்சா’ முறையில், அதாவது குலுக்கலில் வீரர்களைப் பெறக் காசு கேட்கும், அதை முதல் அனுபவமாகப் பரிந்துரைக்க மாட்டேன். கணினி மட்டும் இருப்பவர்கள் இன்டு தி பிரீச்சில் தொடங்குங்கள். ஓர் ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும், பழைய கணினியிலும் ஓடும். அது பிடித்தால் அப்புறம் எக்ஸ்காம்: எனிமி அன்னோன், நார்மல் நிலையில்.