குமரிக்கு எந்தப் பாதரசக் கொள்கை? நீர்ப் பரிசோதனை, மீன் வரம்பு, உணவு அறிவுரை, மூலத் தடுப்பு: ஓர் ஒப்பீடு

பாதரச மாசு பற்றி மாவட்ட அளவில் பேச்சு எழுந்தால் வழக்கமாக நான்கு யோசனைகள் வரும். கடல்நீரைப் பரிசோதிக்கலாம். துறைமுகத்தில் மீனைச் சோதித்து, வரம்பைத் தாண்டியதைத் தடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கு எந்த மீன் எவ்வளவு என்று சொல்லலாம். பாதரசம் வரும் வழியையே அடைக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை முதலாவது காசைக் கடலில் போடுவது. இரண்டாவது ஏற்றுமதிக்கு உதவும். மூன்றாவதுதான் நம் வீட்டு அடுப்படிவரை வரும். நான்காவதில் பாதி நம் கையில் இல்லை. மீதிப் பாதியை நாளைக்கே தொடங்கலாம்.

ஒன்றை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். மீனில் இருப்பது மெத்தில் பாதரசம். அது மூளையைத் தாக்கும், நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போகும். முகத்தை வெளுக்க வைக்கும் கிரீமில் இருப்பது கனிம உப்பு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பழைய பிபி கருவியில் இருப்பது தனிமப் பாதரசம். உடைந்து சிந்தினால் ஆவி நுரையீரலுக்குள் போகும். மூன்றுக்கும் ஒரே பரிசோதனை, ஒரே விதி என்று எழுதும் அறிக்கையை அங்கேயே மூடி வைக்கலாம். (மணவாளக்குறிச்சி மணல் விவகாரத்தை இதோடு சேர்த்துப் பேசுவதும் வழக்கமாகிவிட்டது. அது கதிரியக்கம் உள்ள தோரியத்தின் கணக்கு. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

நீரா, சேறா, மீனா, முடியா?

திறந்த கடல்நீரில் பாதரசம் லிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கும் கீழே இருக்கும். சாதாரண தண்ணீர் லேப் அளப்பது மைக்ரோகிராம் அளவில். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பே லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு கீழே இருப்பதை அந்தக் கருவி பார்க்காது. ஆகவே 'கண்டறியப்படவில்லை' என்று ரிப்போர்ட் வரும். அதை வைத்து 'கடல் சுத்தம்' என்று ஒருவர் பேட்டியும் கொடுப்பார். ஆனால் அதே நீரில் வாழும் பெரிய மீனின் தசையில் செறிவு பத்து லட்சம் மடங்குவரை ஏறியிருக்கும்.

சேற்றுக்கு ஒரு வேலை உண்டு: உள்ளூரில் கொட்டப்படும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மணக்குடிக் காயல், தேங்காப்பட்டணம் கழிமுகம் போன்ற இடங்களில் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பேட்டைச் சுவாசித்து வாழும் பாக்டீரியாக்கள்தான் பெரும்பாலும் கனிமப் பாதரசத்தை மெத்தில் பாதரசம் ஆக்குகின்றன. மாதிரி எடுத்தால் 63 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகளைச் சலித்து அளக்க வேண்டும். மணல் கலந்தபடியே அளந்தால், மணல் அதிகமுள்ள இடம் சுத்தமானது போலத் தெரியும்.

கொள்கைக்கு நேரடியாக உதவுவது மீன். பெரிய மீனில் முதல் முதுகுத் துடுப்புக்குக் கீழுள்ள தசையை, தோல் நீக்கி, ஐம்பது முதல் நூறு கிராம்வரை எஃகுக் கத்தியால் வெட்டி, ஜிப் பையில் போட்டு, ஐஸில் கொண்டுபோய், மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். நீளம், எடை, இனம், பிடித்த இடம் நான்கும் பையின்மேல் இருக்கவேண்டும். நீளம் எழுதாத மாதிரியால் பயனில்லை. மீன் வளர வளரப் பாதரசம் ஏறும், ஒரு குட்டிச் சுறாவை அளந்துவிட்டு 'சுறா பரவாயில்லை' என்று சொல்லிவிட முடியும். திசுவை எரித்து நேரடியாக அளக்கும் கருவி இருந்தால் சில நிமிடங்களில் விடை கிடைக்கும். அமிலத்தில் செரிக்கவைத்து அளக்கும் முறையில், திறந்த குடுவை சூடேறினால் பாதரசம் ஆவியாய்ப் போய், விடை குறைவாக வரும். அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் அளவு தெரிந்த சான்று மாதிரி ஒன்றைச் சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள். அது சரியாக வராவிட்டால் அந்தத் தொகுதி முழுவதையும் தள்ளவேண்டியதுதான்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு கோளாறு: ஈர எடையா, உலர் எடையா என்பதை ரிப்போர்ட்டில் எழுதாமல் விடுவது. மீனில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஆகவே உலர் எடைக் கணக்கில் எண் நான்கைந்து மடங்கு பெரிதாகும். சட்ட வரம்பு ஈர எடைக்கானது. இந்த ஒரு வார்த்தை விடுபட்டால், நல்ல மீன் பத்திரிகையில் விஷ மீனாகிவிடும்.

முடி, மனிதர் உடம்பில் எவ்வளவு சேர்ந்தது என்று சொல்லும். பின்மண்டையில், வேரை ஒட்டி வெட்டி, வேர்ப்பக்கத்தை நூலால் கட்டி அனுப்பவேண்டும். முடி மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் வேரிலிருந்து மூன்று சென்டிமீட்டர் என்பது மூன்று மாதக் கணக்கு. ஆனால் கனிமப் பாதரசத்துக்கு முடி சரியான சாட்சி அல்ல; வெளுப்புக் கிரீம் போடுபவருக்கும், இரசமோ (பாதரசம்) இலிங்கமோ (பாதரசத் தாது) சேர்ந்த சித்த மருந்து சாப்பிடுபவருக்கும் சிறுநீரைத்தான் பார்க்கவேண்டும். வர்மமும் சித்த வைத்தியமும் ஊருக்கு ஊர் இருக்கும் மாவட்டத்தில் இந்தக் கேள்வியை விட்டுவிட்டு ஆய்வு நடத்தக்கூடாது.

பிபிஎம் வரம்பா, தட்டில் எவ்வளவு என்பதா?

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில் மெத்தில் பாதரசத்துக்கு வரம்பு 0.25 பிபிஎம், அதாவது ஒரு கிலோ மீனில் 0.25 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் சுறா, வாள்மீன், சூரை போன்றவற்றுக்கு மொத்தப் பாதரசம் 1 பிபிஎம் வரை விடுகிறது. கண்டெய்னரைத் திருப்பி அனுப்பாமல் காப்பாற்ற இந்த எண்கள் போதும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுப் பிடிக்கும் சுறாவும் கேரையும் (சூரை வகை) பெரும்பாலும் கொச்சியில் இறங்குகின்றன. அங்கே சோதிப்பது வாங்குபவருக்கு நல்லது. அந்தப் படகுக்காரரின் வீட்டில் என்ன குழம்பு வைக்கிறார்கள் என்பதை அது சொல்லாது.

காரணம் எளிய பெருக்கல். உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2003-ல் வைத்த வரம்பு, வாரத்துக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 மைக்ரோகிராம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 80. கடற்கரை ஊரில் தினம் 150 கிராம் மீன் என்பது சாதாரணம். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். அந்த மீன் அத்தனையும் 0.25-இல், சட்டப்படி 'பாஸ்' ஆன மீன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: 262 மைக்ரோகிராம். அனுமதிக்கு மூன்று மடங்கு. பிபிஎம் வரம்பு குறைவாகத் தின்பவரைக் காப்பாற்றும், தினம் தின்பவரைக் காப்பாற்றாது.

அறிவுரை இதையே மறுபக்கத்திலிருந்து போடும் கணக்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் சராசரிகளை எடுத்தால் சுறா 0.979 பிபிஎம், கேரை 0.354, சாளை வகை 0.013. அதே 80 மைக்ரோகிராமுக்குச் சுறா 82 கிராம். ஓரிரு துண்டோடு வாரம் முடிந்தது. கேரை 226 கிராம். சாளை ஆறு கிலோ. அதைத் தின்று தீர்க்க யாராலும் ஆகாது. சாளையும் நெத்தோலியும் பக்கத்தில் கிடக்கும்போது 'மீன் குறையுங்கள்' என்று பொதுவாகச் சொல்வது அறிவியலுமல்ல, நியாயமுமல்ல.

அமெரிக்கர்கள் இதில் சூடு கண்டவர்கள். 2001-ல் கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை வந்ததும் பெண்கள் ஆபத்தான மீனை மட்டுமல்ல, மொத்த மீனையும் குறைத்தார்கள். சிசுவின் மூளைக்கு வேண்டிய கொழுப்பும் சேர்ந்து போனது. 2017-ல் வந்த பட்டியல் 'இவற்றை வாரம் இரண்டு மூன்று முறை சாப்பிடுங்கள்' என்று தொடங்குகிறது. நம் அறிவுரையின் முதல் வரியும் அப்படித்தான் இருக்கவேண்டும்: சாளை, நெத்தோலி, அயிலை தாராளமாக, சுறா, மயில்மீன், பெரிய கேரை கர்ப்பகாலத்தில் வேண்டாம்.

ஆனால் அமெரிக்க எண்ணை அப்படியே ஒட்டிவிடக் கூடாது. நம் நெய்மீனுக்கு உறவான அங்குள்ள ஓரினம் மெக்சிகோ வளைகுடாவில் 0.454, தெற்கு அட்லாண்டிக்கில் 0.182. ஒரே மீன், கடல் மாறினால் இரண்டரை மடங்கு வித்தியாசம். நெய்மீனை எந்தப் பக்கம் வைப்பது என்பதை இங்கே அளந்துதான் முடிவு செய்ய முடியும்.

அளக்கவேண்டிய முதல் மீன் பால்சுறா. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கும் வழக்கம் உள்ள கரை இது. சுறாவிலேயே சிறு இனம், ஒரு மீட்டரை ஒட்டித்தான் வளரும். அதனால் ஆழ்கடல் பெருஞ்சுறாவின் எண்ணை இதன் தலையில் கட்ட முடியாது. மேலும் மெத்தில் பாதரசம் தாய்ப்பாலைவிட நஞ்சுக்கொடி வழியாகவே அதிகம் போகிறது. உடம்பில் அது பாதியாகக் குறையச் சுமார் இரண்டு மாதம் ஆகும். ஆக, பிரசவத்துக்குப் பிறகு தடை சொல்வது காலம் கடந்த தடை. கர்ப்பத்தைப் பதிவு செய்ய வரும்போதே கிராம சுகாதாரச் செவிலியர் சொல்லவேண்டும். இன்னும் நல்லது, கல்யாணத்துக்கு முன்பே தேவாலயப் பங்குகளில் நடக்கும் வகுப்பில் சொல்வது.

மாதிரி எடுக்கும் இடமும் முக்கியம். துறைமுகத்தில் அல்ல, மார்த்தாண்டம் போன்ற சந்தைகளிலும் வீட்டு வாசலுக்கு வரும் வண்டிகளிலும் எடுங்கள். மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுத் தடை. அந்த நாட்களில் சந்தைக்கு வேறு கடல் மீனும் வரும். தனியாகக் குறித்து வைக்கவேண்டும்.

எந்த மூலத்தை அடைப்பது?

பாதரசத்தைக் குறைக்கும் உலக ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்று உறுதிசெய்தது. அனல்மின் நிலையப் புகையில் கனமீட்டருக்கு 0.03 மில்லிகிராம் என்ற வரம்பு 2015-ல் அறிவிக்கப்பட்டது. இரண்டும் வேண்டியவை. ஆனால் ஆழ்கடல் சுறாவில் இருப்பது உலகமெங்கும் எரித்த நிலக்கரியும் பாதரசம் கலந்து பிரித்த தங்கமும் காற்றில் விட்டது; அதை நாகர்கோவிலில் உட்கார்ந்து குறைக்க முடியாது, பலன் தெரியத் தலைமுறைகள் ஆகும்.

கிரீம் அப்படியல்ல. பக்கத்து மாநிலத்தில், மலப்புரத்தில் 2023-ல் வெளுப்புக் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் இறங்கும் நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். இந்திய விதிப்படி கிரீமில் 1 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது. மாட்டும் சரக்கில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் தனிமங்களை அளக்கும் கையடக்க எக்ஸ்ரே கருவியே (எக்ஸ்ஆர்எஃப்) போதும், ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். தயாரிப்பாளர் முகவரி, இறக்குமதிப் பதிவு எண் இல்லாத டப்பாவை முதலில் பிடியுங்கள். பூசுவதை நிறுத்தினால் பாதரசம் சில மாதங்களில் இறங்கும். கனிமப் பாதரசம் தாய்ப்பாலில் எளிதாகச் சேரும் என்பதால், பால் கொடுப்பவளிடம் சுறாப்புட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் கிரீமைப் பற்றிக் கேட்கவேண்டும்.

பிபி கருவி சீக்கிரம் முடியும் வேலை. ஒன்றில் நூறு கிராம் அளவுக்குப் பாதரசம். சில மில்லிகிராம் மட்டுமே உள்ள சிஎஃப்எல் பல்புகள் இருபதாயிரத்துக்குமேல் சேர்ந்தால்தான் அதற்கு ஈடாகும். பல்பு சேகரிக்கப் பெட்டி வைக்கும் முன், கிளினிக்குகளின் அலமாரியைத் திறந்து பாருங்கள். உடைந்து சிந்தினால் துடைப்பத்தாலோ வாக்குவம் கிளீனராலோ அள்ளக்கூடாது, ஆவி அறை முழுக்கப் பரவும். ஜன்னலைத் திறந்து, அட்டையால் ஒதுக்கி, சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி, மூடியுள்ள புட்டியில் வைக்கவேண்டும்.

வரம்பு எண்ணை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடிய பிறகு, மண்ணைச் சுத்தம் செய்ய கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற இலக்கு போதுமா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. நச்சியல் மட்டும் அதற்கு விடை சொல்லாது. அந்த மண்ணில் யார் வாழ்வார்கள், மழைநீர் எங்கே வடியும் என்பதும் சேர்ந்தே சொல்லும். மீனிலும் இதே கதை. வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவு ஆய்வு குழந்தைகளிடம் பாதிப்பு கண்டது. அங்கே திமிங்கில இறைச்சி தின்கிறார்கள். கடல்மீன் தின்னும் சீஷெல்ஸில் தெளிவான பாதிப்பு தெரியவில்லை. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2000-ல் வரம்புக்கு ஃபாரோவை அடிப்படையாக எடுத்தது. நம் தட்டு சீஷெல்ஸுக்குத்தான் கிட்ட. இருந்தும் சுறா விஷயத்தில் கடுமையான பக்கம் நிற்பதே சரி. சுறாவை விட்டுக்கொடுப்பதால் கர்ப்பிணி இழப்பது எதுவுமில்லை, பதிலுக்குச் சாளை இருக்கிறது.

அறிவுரை கொடுத்து ஓராண்டு கழித்து அதே ஊர்களில் கர்ப்பிணிகளின் முடியை மறுபடி அளக்கவேண்டும். கூடவே வாரத்துக்கு எத்தனை நாள் சாளை வாங்கினார்கள் என்றும் கேட்கவேண்டும். முடியில் பாதரசம் இறங்கி, சாளையும் இறங்கியிருந்தால் அறிவுரை தோற்றது. வாசகத்தை மாற்றி எழுதி, அடுத்த ஞாயிறு பூசை அறிவிப்பிலேயே திருத்திச் சொல்லவேண்டும்.